பருந்துக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய்

என் கணவரைச் சாப்பிட வைக்க நான் படாத பாடு பட்டேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் அவரை வழிக்குக் கொண்டுவந்தவை மூன்று பருந்துக் குஞ்சுகள்.

தானியக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் மேஸ்திரியாக இருந்தவர். மூட்டை அடுக்கின் உச்சியிலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கிள்ளினாலும் தெரியாது. வீட்டுக்கு வந்த நாள் முதல், பேசுவதற்கும் சரி, உண்பதற்கும் சரி, வாயைத் திறக்க மறுத்தார். குளிர்காலம் முழுக்க இதே கதைதான். வயிறு முதுகோடு ஒட்டிப்போனது. கட்டு மாற்ற வரும் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே போனா அடுத்த குளிர் வரைக்கும் தாங்க மாட்டாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. பின்பக்கம் நிலம் சட்டென்று சரிவதால், கீழே நிற்கும் மரத்தின் உச்சி அவர் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு நேராக வரும். மரம் துளிர்விட்ட வாரத்தில் ஒரு பருந்து ஜோடி அங்கே சுள்ளி சேர்த்தது. கொஞ்ச நாளில் கூட்டின் விளிம்பில் மூன்று வெள்ளைத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"பெரியவன் தம்பிங்களக் குத்துறான்," என்றார் ஒருநாள். பல வாரங்களுக்குப் பிறகு அவராகப் பேசிய பேச்சு அது. நான் கையில் கஞ்சியோடு நின்றிருந்தேன். விடுவேனா?

"அம்மாக்காரி வர்றா பாருங்க. அதுங்களுக்கு ஒரு வாய், உங்களுக்கு ஒரு வாய்."

சிரிக்கவில்லை, ஆனால் வாயைத் திறந்தார். அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. பருந்து எலியோடு வந்தால் கரண்டி உள்ளே போகும். பருந்து வராவிட்டால் இவரும் பட்டினி. ஐம்பது வயதுக் குழந்தைக்கு வேடிக்கை காட்டி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் போர்வையை விலக்கியபோது அவருடைய இடது கால் சுண்டுவிரலில் ரத்தம். நகத்தோரம் சதையைக் காணோம். இரவில் எலி வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. காலமெல்லாம் கிடங்கில் எலியை ஒழித்த மனிதரிடம், உங்கள் காலையே எலி தின்கிறது என்று எந்த வாயால் சொல்வது? இப்போதுதான் கொஞ்சம் தெளிந்து வருகிறார். சத்தமில்லாமல் மருந்து போட்டுத் துணி சுற்றினேன்.

"என்ன பண்ற அங்க?"

"கால் தொடைக்கறேன். நீங்க குஞ்சப் பாருங்க."

அவருடைய பழைய வேலைப் பெட்டியில் கிடங்கின் எலி மருந்து ஒரு பாக்கெட் கிடந்தது. சமையலறை மூலையில், பரண் மேல், அவர் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இரண்டே இரவில் காலி. மறுபடியும் வைத்தேன்.

நாலைந்து நாளில் பருந்துகளுக்குக் கொண்டாட்டம்.

"இன்னைக்கு ஆறு எலிடி. நேத்து நாலு. எங்கேருந்து இப்படிக் கிடைக்குது?" என்றார். அன்று கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான். அன்றைக்கே பட்டப்பகலில் ஒரு எலி கொல்லையில் குடிகாரனைப் போலத் தள்ளாடிப் போனதைப் பார்த்தேன். பருந்து அதை அள்ளிக்கொண்டு போனதையும் பார்த்தேன். ஒழிந்தது சனியன் என்று கதவைச் சாத்தினேனே தவிர, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

அடுத்த வாரம் சின்னது தலையைத் தூக்கவில்லை. தூங்குகிறது என்றேன். மறுநாள் நடுவிலுள்ளது. பெரியவன் மட்டும் விளிம்பில் அலகைத் திறந்தபடி கிடந்தான். அலகோரம் சிவந்திருந்தது. தாய் இறைச்சியை அவன் பக்கத்தில் வைத்தது. கொஞ்சம் நகர்ந்து காத்திருந்துவிட்டு, அதையே எடுத்து மறுபடி வைத்தது. சாயங்காலத்துக்குள் அவனும் போய்விட்டான். அதன் பிறகு பெரிய பருந்துகள் இரண்டும் அந்தப் பக்கம் வரவில்லை.

இவர் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"வீட்ல மருந்து வெச்சியா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "வெச்சேன்," என்றேன்.

"குஞ்சு இருக்கற மாசத்துல கிடங்குல நாங்க மருந்தத் தொடவே மாட்டோம். பொறி மட்டுந்தான். மருந்து தின்ன எலியத் தின்னா பருந்தும் செத்துரும். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"எப்படிக் கேப்பேன்?" எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போர்வையை இழுத்து எறிந்து, காலில் சுற்றிய துணியை அவிழ்த்தேன். "பாருங்க. உங்களத் தின்னுச்சு. நீங்க அந்தப் பக்கம் குஞ்சப் பாத்து சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்லுவேன்?"

முழங்கையை ஊன்றி எழும்பிப் பார்த்தார். சுண்டுவிரலின் நகத்தோரம் சதை இல்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"வலிக்கவே இல்லையே," என்றார். பிறகு தலையணையில் சாய்ந்தார். "மிச்ச மருந்து எங்க இருக்கு?"

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கிடங்கில் ஆட்களிடம் சாவி கேட்கும் குரல் அது. பாக்கெட்டில் பாதி சமையலறை அலமாரியில் அப்படியே இருந்தது.

"பொதைச்சுட்டேன்."

"எங்க?"

"சொல்ல மாட்டேன்."

விழுந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக என்னை முழுசாகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"சொல்லாத," என்றார். "நான் எப்படிக் கேட்டாலும் சொல்லாத."

அன்று மத்தியானமே பாக்கெட்டையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். அவர் ஜன்னலுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, என் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினேன்.