இடது கால் இன்சோல்

"நிறுத்துங்க! அண்ணே, ஆட்டோ! நிறுத்துங்க!"

மகிமா நடுரோட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு கையில் செல்போன். இன்னொரு கையில் பாதத்தின் வடிவத்தில் கறுப்பாக ஒரு இன்சோல். காலடிப்பேட்டை சிக்னலைத் தாண்டி வந்த கண்டெய்னர் லாரி அவள் காதுக்குள் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அதன் பின்னால் வந்த ஆட்டோ அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி முனகிக்கொண்டே நின்றது.

"இன்னா யக்கா, வந்து வுயுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

கண்ணாடியில் 'சுஹைப்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மகிமா பாய்ந்து ஏறினாள்.

"வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்களப் பிடிக்கணும்ணே. எர்ணாவூர்ல இருந்து விடியக்காலையே கிளம்பிட்டாங்க."

"வேளாங்கண்ணி வரிக்கும் ஆட்டோவுலயா?"

"அதுக்கு முன்னால பிடிச்சிரணும். நீங்க போங்க!"

சுஹைப் வண்டியைக் கிளப்பினான். கண்ணாடி வழியாக அவள் கையில் இருந்ததை இரண்டு முறை பார்த்தான். மூன்றாவது முறை கேட்டேவிட்டான்.

"அது இன்னாது?"

"இன்சோல். ஷூவுக்குள்ள போடுறது. நேத்து ஒருத்தர் ஜோடியா வாங்கினாரு. வலது கால் மட்டும் அவர்கிட்ட போயிருக்கு. இடது கால் கடையிலயே கெடக்கு."

"அதுக்கா இந்த ஓட்டம்? ஒரு காலு ஏசி கோச்சு, ஒரு காலு அன்ரிசர்வ்டுன்னு போவட்டுமே."

"சிரிக்காதீங்கண்ணே. ஒரு பக்கம் உசரம், ஒரு பக்கம் பள்ளம். அப்படியே நடந்தா செங்கல்பட்டுக்குள்ள இடுப்பு பிடிச்சுக்கும். திண்டிவனத்துல ஆளு படுத்துருவாரு."

மனிதர் படுப்பது ஒரு பக்கம். அவர் படுத்தால் கூடவே மகிமாவின் ரேக்கும் படுத்துவிடும்.

மாமனார் தேவப்பிரியத்தின் செருப்புக் கடைக்கு அவள் மருமகளாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. தூசி தட்டுவது, பரணில் இருந்து டப்பா இறக்குவது, மறுபடி ஏற்றுவது. இதுதான் வேலை. ஒரு நாள் துணிந்து கேட்டாள்: "மாமா, நடக்கறவங்களுக்குன்னு இன்சோல் வாங்கி வைப்போமா? ஒரே ஒரு ரேக்கு குடுங்க, நான் பார்த்துக்கிடுதேன்." தேவப்பிரியம் சிரித்தார். "காலுக்குள்ள மெத்தை போட்டு எவன் நடக்கான்?" என்றார். கடைசியில் வேளாங்கண்ணி சீசன் முடியும்வரை என்று ஒரு ரேக்கைக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. ஒரே ஒரு புகார் வந்தாலும் ரேக் காலி. அந்த இடத்தில் ஸ்கூல் ஷூ ஏறிவிடும்.

அந்த ரேக்கில் இருந்து உருப்படியாக நடந்த முதல் வியாபாரம்தான் நேற்றையது.

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் சாயங்காலம் வந்தார். "நாளைக்கி விடியக்காலைல எர்ணாவூர்லேந்து வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடக்கறேம்மா. போன வருசம் குதிகால் கொள்ளிக்கட்டையா எரிஞ்சுது. நல்லதா ஒண்ணு குடு" என்று ஸ்டூலில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினார்.

மகிமா அதற்குள் இருந்த பழைய அட்டையை உருவி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். குதிகால் பக்கம் அப்பளம் போல் மெலிந்திருந்தது.

"வலது காலை ரொம்ப ஊன்றி நடக்கீங்க சார்."

"அதும்மேலதான் பொயப்பே ஓடுது" என்று சிரித்தார்.

முதலில் ஜெல் வைத்ததைக் கொடுத்தாள். விரலால் அமுக்கினால் அல்வா மாதிரி இருந்தது. போட்டுக்கொண்டு எழுந்தவர் கண்ணை மூடி "ஆஹா" என்றார்.

"கடைக்குள்ள ஆஹாதான் சார். மதுராந்தகம் வெயில்ல பாதம் இதுக்குள்ள புதையும். விரல் முன்னால வழுக்கி ஷூவுல இடிக்கும்."

அடுத்து தடித்த ஸ்பாஞ்ச். ஷூவுக்குள் பாதமே நுழைய மறுத்தது. மூன்றாவது, கெட்டியாக, நடுவில் மேடு கட்டி, குதிகாலுக்குக் கிண்ணம் போலக் குழிந்திருந்தது.

"இன்னாம்மா, கல்லு மாரி கீது?"

"நாலு தடவை நடந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்தார். போனவர் திரும்பினார், மறுபடி போனார். "கல்லு இல்லம்மா. எவனோ கீய இருந்து கை குடுக்கறா மாரி கீது."

அதற்கு மேல் என்ன வேண்டும்? பழைய அட்டையை மேலே வைத்துக் கோடு போட்டு, விரல் பக்கம் மட்டும் கத்திரித்து, ஷூவுக்குள் பொருத்திக் கொடுத்தாள். "புதுசு கடிச்சா மாத்திக்கிட பழசையும் பையில வச்சுக்கிடுங்க" என்றாள். "இடது ஷூவையும் கழட்டுங்க சார்" என்று சொன்னபோது, "ஒண்ணு சரியா இருந்தா போதும் தாயி" என்றார். அந்த நேரம் பார்த்து லோடு வந்து இறங்க, மாமனார் குடோனில் இருந்து கத்த, அவள் ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது கல்லாவில் காசு இருந்தது. ஆள் இல்லை.

இன்று காலை கடை திறந்ததும் தேவப்பிரியம் கவுண்டரில் இருந்து இடது கால் இன்சோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், செத்த எலியைத் தூக்குவதுபோல.

"முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். ஒத்தைக் காலுக்கு வித்ததில்ல."

அதற்குப் பிறகு மகிமா கடையில் நிற்கவில்லை.

டோல்கேட் வந்ததும் சுஹைப் பிரேக் அடித்தான். "இந்தா யக்கா உன் கஸ்டமரு. எது வோணுமோ எடுத்துக்கோ."

மெட்ரோ தூண்களுக்கு இரண்டு பக்கமும் காவி நடந்துகொண்டிருந்தது. மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் குட்டித் தேர் கட்டி, அதற்குள் மாதாவை நிற்க வைத்து, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.

"ஆளு மூஞ்சி எப்டி இருக்கும்?"

செருப்புக் கடையில் குனிந்தே வேலை பார்ப்பவளுக்கு முகம் எங்கே பதியும்?

"மூஞ்சி ஞாபகம் இல்லண்ணே. சாம்பல் கலர் ஷூ, ஆரஞ்சு லேஸ்."

"சர்தான். நீ போலீஸ்ல கம்ப்ளெயிண்டு குடுத்தா செவுத்துல காலு படம்தான் ஒட்டுவானுங்க."

ஆட்டோ ஊர்ந்தது. மகிமா வெளியே தலையை நீட்டித் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். வெறுங்கால், ரப்பர் செருப்பு, கட்டுப்போட்ட கட்டைவிரல், மறுபடி வெறுங்கால். திடீரென்று ஆரஞ்சு லேஸ்!

ஓடும் ஆட்டோவில் இருந்து குதித்தாள். "சார், சார்! உங்க இடது கால்ல ஒண்ணு குறையுது!"

அந்த மனிதர் வெலவெலத்துப் போய் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து இரண்டு ஷூவையும் கழற்றினார். எல்லாம் சரியாக இருந்தது. இன்சோல்தான் எதிலும் இல்லை. பக்கத்தில் வந்த அவர் மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"காலங்காத்தால எவளோ வந்து உன் கால எண்ணிகினு கீறா. யார்யா இவ?"

மகிமா மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடிவந்தாள். சுஹைப் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது. தேவப்பிரியம்.

"எங்க நிக்க?"

"டோல்கேட் தாண்டிட்டேன் மாமா."

"ஆளு கெடச்சானா?"

"தேடிட்டு இருக்கேன்."

"ஸ்கூல் ஷூ வந்து எறங்கிட்டு. வைக்க எடமில்ல. ரேக்கைக் கழட்ட ஏணி போட்டாச்சு, சொல்லிட்டேன்."

லைன் கட். மகிமாவின் கண்ணில் நீர் முட்டியது. சுஹைப் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். "அயாத யக்கா. கல்மண்டபத்தாண்ட மோர் பந்தல் போட்டுக்கீறானுங்க. நடக்கறவன் எவனும் அத்த தாண்ட மாட்டான். சந்துல பூந்து போலாம்."

பூந்து போனான். ஒரு மீன் கூடையை உரசி, இரண்டு வசவு வாங்கி, கல்மண்டபத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

பந்தலில் எல்லோரும் சாய்ந்து கிடந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் நின்றுகொண்டு மோர் குடித்தார். காவி பேன்ட். சாம்பல் ஷூ. ஆரஞ்சு லேஸ். அதைவிட, அந்த நிற்கும் விதம்! வலது குதிகாலில் மொத்தப் பாரத்தையும் இறக்கி, இடதைச் சும்மா தொட்டு வைத்திருந்தார்.

"அவர்தான்!"

மகிமா ஓடிப்போய் அவர் முன்னால் மண்டியிட்டாள். "சார், மன்னிச்சிருங்க. இடது காலுக்குப் போட மறந்துட்டேன். ஷூவைக் கழட்டுங்க, ரெண்டு நிமிசம்!"

அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "எந்திரி பொண்ணே! நடுரோட்ல கால்ல வுயுந்துகினு. பாக்கறவன் என்னிய பாதிரியாருன்னு நெனச்சிக்கப் போறான்."

"இடுப்பு வலிக்குதா சார்?"

"எதுக்கு வலிக்கணும்? எர்ணாவூர்லேந்து பறந்து வந்துகினு கீறேன்."

மறுபடி போன். பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். தேவப்பிரியத்தின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"ஆளு சிக்கிட்டானா? திட்டுதானா? ரேக்கைக் கழட்டவா வேண்டாமா?"

அவர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"நைனா, கிருஷ்ணப்பன் பேசறேன். நேத்து சோல் வாங்கனவன்."

எதிர்முனை உடனே பதவிசாகிவிட்டது. "வணக்கம் சார். தப்பு எங்க மேலதான். மருமவ புதுசு..."

"இன்னா தப்பு? போன வருசம் இங்க வரசொல்ல எரிய ஆரம்பிச்சிடுச்சு. இன்னிக்கி பாரு, குந்தாம நின்னுகினு மோர் குடிக்கறேன். அந்த ஜெல்ல வாங்கிருந்தா நாறிருக்கும். உன் மருமவ வாணாம்னுச்சு. அந்த ரேக்க கய்ட்டினின்னா அடுத்த வருசம் நான் எங்க போவேன்?"

போனுக்குள் தூரத்தில் கேட்டது: "ஏ, ஏணியில இருந்து இறங்குடே."

மகிமா மூச்சு விட்டாள். சுஹைப் ஒரு டம்ளர் மோரை வாங்கி அவளிடம் நீட்டினான்.

"ஆனா சார்," என்றது போன், "இடது கால விட்டுட்டுப் போயிட்டீயளே?"

"வுடல நைனா. வோணும்னேதான் வெச்சிட்டு வந்தேன்."

"நேத்தே சொல்லியிருக்கலாம்லா சார்?" மகிமாவுக்கு இப்போது கோபம் வந்தது. "காலையில இருந்து நான் பட்ட பாடு!"

"சொன்னா இன்னா ஆவும்? ஒருத்தன் உச்சு கொட்டுவான். ஒருத்தன் பாதி வெல போட்டுக்கறேன்னுவான். இன்னொருத்தன் உனுக்கு எதுக்குப்பா நடை, பஸ்ல போன்னு புத்தி சொல்லுவான். நா சோல் வாங்க வந்தேன். வாங்கிக்கினு வந்துட்டேன்."

"எதச் சொன்னா சார்?"

கிருஷ்ணப்பன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். இடது பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். ஷூவுக்கு மேலே, வெயில் பட்டு ஒரு ஸ்டீல் குழாய் பளபளத்தது.

"இந்தக் கால லாரி டயருக்குக் குடுத்து பதினோரு வருசம் ஆவுது பொண்ணே. இது ரப்பர் பாதம். அடியில ஒரு செருப்புத் துண்ட வெச்சு உசரத்த நேத்து ராவே சரி பண்ணிட்டேன். இதுக்கு எதுக்கு மெத்த?"