தீட்டில்லாத கம்பளி

சர்வேயர் கோபாலசுப்பிரமணியன் எப்.ஏ. பரீட்சையில் தர்க்கம் ஒன்றில் மட்டும் தேறியவர். மற்றதிலெல்லாம் தவறியதில் அவருக்கு வருத்தமில்லை. தர்க்கம் தெரிந்தவன் எதையும் சமாளிக்கலாம் என்பது அவருடைய தர்க்கம்.

அந்தத் தை மாதம் சேரன்மகாதேவிக்கு மேற்கே மலையடிவாரத்து மேய்ச்சல் காட்டில் கூடாரம் அடித்து எல்லை அளந்துகொண்டிருந்தார். அளவுச் சங்கிலி பிடிக்க இரண்டு பேர். பாபநாசம் உள்ளூர்க்காரன். இஸ்ரவேல் உடன்குடிப் பக்கத்து வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். காட்டில் புல் நுனிக்கு ஒரு உண்ணி காத்துக்கொண்டிருந்தது. இருவரும் காலையில் முழங்கால்வரை வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு இறங்குவார்கள். சாயங்காலம் கட்டின துணியை வெந்நீரில் முக்குவார்கள். சர்வேயருக்கு அந்த எண்ணெய் நாற்றம் ஆகாது. அவர் மூன்று வேளை ஆற்றில் முங்கினார்.

நாலாம் நாள் அவருக்கு அரிக்கத் தொடங்கிற்று. முதலில் கணுக்கால், பிறகு இடுப்பு, பிறகு சர்வே இலாகாவில் பெயர் சொல்லத் தகாத இடங்கள்.

தர்க்கம் உடனே உதவிக்கு வந்தது. நான் குளிப்பது மூன்று வேளை, இஸ்ரவேல் குளிப்பது ஒரு வேளை, ஆகையால் உண்ணி அவனிடமிருந்து வருகிறது. பாபநாசமும் ஒரு வேளைதான் குளித்தான். ஆனால் அவன் நெற்றியில் திருநீறு இருந்தது.

"ஏய், பத்தடி தள்ளி நில்லு. உன் மேலேர்ந்துதான் உதிர்றது."

இஸ்ரவேல் தன் காலைக் குனிந்து பார்த்தான். பளபளத்த காலில் ஒரு கடிகூட இல்லை.

"எம்மேல ஒண்ணுமில்லய்யா. மாடு படுத்த எடத்துல ஒங்க கம்பளிய விரிச்சு உக்காருதீயளே, அத ஒருக்க வெயில்ல உதறிப் போடட்டுமா?"

"அதைத் தொட்டேன்னா தெரியும் சேதி!"

கம்பளிக்குத் தீட்டில்லை என்பது ஆசாரம். அதனால்தான் காட்டில் அதை விரித்துச் சாப்பிட்டார், பனிக்கு அதையே போர்த்திப் படுத்தார். தீட்டில்லாததை எவனாவது தோய்ப்பானா? கல்யாணத்துக்கு வந்த அந்தக் கம்பளி நாலு வருஷமாகத் தண்ணீரைக் கண்டதில்லை.

இரண்டு நாள் இஸ்ரவேல் பத்தடி தள்ளியே நடந்தான். அரிப்பு தணியவில்லை. மூன்றாம் நாள் சர்வேயர் அவனை ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்.

"அப்பன் பனையிலேர்ந்து விழுந்து கெடக்காரு, ஐயா. இந்த வேலய நம்பித்தான் வீடு..."

"அசுத்தத்தை வச்சுண்டு நான் என்ன பண்றது?"

அவன் சங்கிலியைச் சுருட்டிக் கூடார வாசலில் வைத்தான். போய்விட்டான்.

நாலு நாள் கழித்து, சங்கிலியின் இரண்டு முனைக்கும் ஓடி ஓடி இளைத்த பாபநாசம், முதுகைச் சொறிந்துகொண்டிருந்த சர்வேயரைப் பார்த்து, "இஸ்ரவேல் போனது உண்ணிக்குத் தெரியாது போல, சாமி. யாராவது தாக்கல் சொல்லணும்லா?" என்றான்.

சர்வேயர் காதில் வாங்காதவர்போல ஒரு பாறைமேல் கம்பளியை விரித்து அவல் பொட்டலத்தைப் பிரித்தார். நடுப்பகல், பாறை அடுப்பாகக் கொதித்தது. சூடு பொறுக்காமல் கம்பளி நடக்க ஆரம்பித்தது. மயிருக்கு மயிர் கிளம்பி, கடுகளவும் மிளகளவுமாக, நாலு ஓரங்களிலும் சாரை சாரையாக உண்ணிகள் இறங்கின.

பாபநாசம் சிரித்திருந்தால் தேவலை. அவன் முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று சாயங்காலம் சர்வேயர் பெட்டியைக் குடைந்தார். உறை ஒன்றுகூட இல்லை, ஒரே ஒரு தபால் கார்டுதான் இருந்தது. கார்டென்றால் தபால்காரன் படிப்பான், உடன்குடிக் கடைத்தெருவே படிக்கும். முதலில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினார். யாருக்கோ நேர்ந்ததுபோல் இருந்தது. காதுமடல் சுட அதை அடித்துவிட்டு, 'உண்ணி என் கம்பளியில் இருந்தது. உன்மேல் இல்லை. வேலைக்கு வரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பளியைக் கொளுத்தினார்.

பத்து நாளில் இஸ்ரவேல் வந்து சேர்ந்தான். சர்வேயர் பத்து நாளாகப் பேசிப் பார்த்து வைத்திருந்தது ஒரு பிரசங்கம்; வந்தது ஒரே வார்த்தை.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்யா."

"எனக்கும் கொஞ்சம் எண்ணெய் குடேன்."

இஸ்ரவேல் சிரட்டையில் வேப்பெண்ணெய் ஊற்றினான். கொண்டுவந்து கையில் கொடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே தரையில் வைத்துவிட்டு, கைகட்டிப் பின்னுக்கு நகர்ந்துகொண்டான்.

சர்வேயர் எழுந்து போய்க் குனிந்து சிரட்டையை எடுத்தார். சரியாகப் பத்தடி. இஸ்ரவேல் சங்கிலி பிடித்துப் பழகினவன்; ஓர் அங்குலம் பிசகவில்லை.