முளைப்பாரி வீட்டில் ஃப்ளாக்ஸ்

ஃப்ளாக்ஸ் பூச்செடியின் விதைக்கு வெளிச்சம் ஆகாது. முளைக்கும்வரை இருட்டு வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும். தங்கச்செல்வியின் நர்சரி திருச்சுழி ரோட்டோரம் வெட்டவெளியில் இருந்தது. பச்சை வலைதான் கூரை. புரட்டாசியிலும் அங்கே மண் சுட்டது.

மில் கெஸ்ட் ஹவுஸுக்கு, வாசலின் இரண்டு பக்கமும் வைக்க, வெள்ளை ஃப்ளாக்ஸ் கேட்டிருந்தார்கள். மார்கழியில் பூக்க வேண்டுமென்றால் இப்போதே விதைத்தாக வேண்டும்.

ஊரில் இருட்டும் குளிர்ச்சியும் சேர்ந்த இடம் ஒன்றுதான் உண்டு. அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த முளைப்பாரி வீடு. அதற்குச் சன்னல் கிடையாது. ஆண்கள் உள்ளே போவதில்லை. புரட்டாசியில் அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டியதும் வீட்டுக்கு ஒரு சட்டி வந்து சேரும். கண்மாய் மண், ஆட்டுப் புழுக்கை, மேலே பயறு. பாரி எடுத்துக் கண்மாயில் கரைக்கும் நாள்வரை ஒரே ஒரு பெண் விரதமிருந்து உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். எந்த வீட்டுச் சட்டி எப்படி முளைக்கிறதோ அப்படித்தான் அந்த வீட்டு வருடம்.

இந்த வருடம் தண்ணீர் தெளிப்பதைத் தங்கச்செல்வி கேட்டு வாங்கியிருந்தாள். மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு இது ஆறாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. அவள் பெயரில் ஒரு சட்டி வைத்திருந்தாள்.

சட்டி கொண்டுவந்த பெண்கள் வாசலில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். முருகலட்சுமி தன் சட்டியை நீட்டினாள். கல்யாணமாகி வெகு காலமாகிவிட்டது. பிள்ளை இல்லை.

"வருசம் தவறாமப் போடுறேன் மதினி. ஆத்தாளுக்கு எம் பேரு மறந்துபோச்சு போல. தண்ணி ஊத்துறப்ப நீயாச்சும் காதுல போட்டு வையி."

"போட்டுட்டாப் போச்சு. நீ மொதல்ல வாயைக் குறை."

"வாயாவது இருக்கட்டும் மதினி. வேற என்னத்த வச்சிருக்கேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். சட்டிகள் ஒரே சூளையில் சுட்டவை. அந்தந்த வீட்டுப் பழைய சேலையில் கிழித்த துண்டைக் கழுத்தில் கட்டியிருந்தார்கள். அதுதான் அடையாளம். முருகலட்சுமியுடையது மஞ்சள். கிருஷ்ணப்ரியாவுடையது நீலம்.

மறுநாள் தங்கச்செல்வி தண்ணீர்க் குடத்தோடு ஃப்ளாக்ஸ் விதைத் தட்டுகளையும் கொண்டுபோய் மூலையில் அடுக்கினாள். வேறு விதை உள்ளே போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி எதுவும் நடந்ததில்லை.

பயறு சீக்கிரமே வெடித்தது. எல்லாச் சட்டியிலும் வெளிர்மஞ்சள் குருத்து எழும்பியது. நீலத்துணிச் சட்டியில் மட்டும் கறுப்பு மண்ணாகவே இருந்தது. விரலால் கிளறிப் பார்த்தாள். அழுகிய பயறு இல்லை. எறும்பு இல்லை. பயறே இல்லை. தன் கையால் விதைத்தது.

மறுபடி விதைத்தாள். அடுத்த நாள் அதுவும் இல்லை.

அன்றைக்குத்தான் சத்தம் கேட்டது. உச்சிப் பொழுது. கதவைச் சாத்திவிட்டு அகல் வெளிச்சத்தில் தெளித்துக்கொண்டிருந்தாள். டக். கொஞ்சம் கழித்து இன்னொரு டக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பங்குனி வெயிலில் ஃப்ளாக்ஸ் காய் முற்றும்போது பாத்தி முழுக்க அப்படித்தான் கேட்கும். காய் தானாக வெடித்து விதையைத் தூர எறியும். விதை பிடிக்க அவள் பாத்தி மேல் வேட்டியைப் போர்த்தி வைப்பாள். ஆனால் அதற்குச் செடி வேண்டும். பூத்துக் காய்த்துக் காய்ந்த செடி. இங்கே இருந்தது பாக்கெட்டிலிருந்து கொட்டிய விதை.

டக். கன்னத்தில் ஏதோ பட்டது. தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

மூலைக்குப் போய்த் தட்டுகளைத் தடவினாள். மண் ஈரமாக இருந்தது. ஒரு விதைகூட விரலுக்கு அகப்படவில்லை.

உள்ளே இருக்கும்போது பேசக்கூடாது. அகலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பாரி எடுக்கும் நாள் உச்சியில் கடைசியாகத் தண்ணீர் தெளிக்கப் போனாள். நீலத்துணிச் சட்டியில் முளை வந்திருந்தது. அகலைக் கிட்டே பிடித்தாள். பயறு இல்லை. நெருக்கமாக, எதிரும் புதிருமாக இரண்டிரண்டு சிற்றிலைகள். மேலே மயிர் போல லேசான சொணை. ஃப்ளாக்ஸ் நாற்று.

இந்தச் சட்டியைத்தான் மகள் தலையில் தூக்கி ஊர் நடுவே வரப்போகிறாள். பயறு போட்ட சட்டியில் களை.

மஞ்சள்துணிச் சட்டி பக்கத்தில்தான் இருந்தது. முழ உயரத்துக்குக் குருத்து, விளிம்பு தெரியாத அடர்த்தி. வேறு எந்தச் சட்டியும் அப்படி இல்லை. தங்கச்செல்வி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு துணியையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினாள். எல்லாச் சட்டிகளையும் வெள்ளைத் துணியால் மூடிவிட்டு வெளியே வந்தாள்.

வெயில் சாய்ந்ததும் கொட்டு வந்தது. கோயில் முன்னால் சட்டிகளை வரிசையாக வைத்து மூடிய துணியை எடுத்தார்கள். முருகலட்சுமி தன்னுடையதைத் திறந்தாள்.

பூத்திருந்தது.

வெள்ளை. சட்டி நிறைய ஐந்திதழ்ப் பூ. விதைத்த ஃப்ளாக்ஸ் பூக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். உச்சியில் அது நாற்றாக இருந்ததைத் தங்கச்செல்வி மட்டும்தான் பார்த்திருந்தாள்.

கொட்டு நின்றது. பூசாரி கிட்டே வரவில்லை. யாரோ குலவையிட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி சட்டியின் முன் விழுந்து கும்பிட்டாள்.

"ஆத்தா பூவாவே குடுத்துட்டாடி!"

முருகலட்சுமி அழுகையை அடக்குகிறவள் போல் உதட்டை இறுக்கிக்கொண்டு சட்டியைத் தலையில் ஏற்றினாள். ஊர் அவளை முன்னால் போகவிட்டது. கிருஷ்ணப்ரியா நீலத்துணிச் சட்டியோடு பின்னால் போனாள். அவள் சட்டியை யாரும் பார்க்கவில்லை.

கண்மாயில் மடையோரம் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. பெண்கள் சட்டிகளை இறக்கிக் கும்மியடித்தார்கள். கிருஷ்ணப்ரியா கரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கச்செல்வி அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"என்னத்தா, மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. பிள்ளை அசையவே மாட்டேங்குது. மத்தியானத்துலேருந்து."

"மத்தியானம் எப்ப?"

"நீ கோயிலுக்குப் போயிருந்தயில்ல. அப்ப நல்லா உதைச்சுக்கிட்டிருந்துச்சு. திடீர்னு நின்னுபோச்சு."

தங்கச்செல்வி எழுந்தாள். முருகலட்சுமி சட்டியோடு தண்ணீரில் இறங்கியிருந்தாள். சேலையோடு பின்னால் இறங்கினாள்.

"முருகு, நில்லு. கரைச்சிறாத."

முருகலட்சுமி திரும்பினாள். பூக்கள் அவள் மார்பளவில் இருந்தன.

"அது எம் மக சட்டி. நாந்தான் துணியை மாத்திக் கட்டுனேன்."

"ஏன் மாத்துன?"

"களை முளைச்சிருக்குன்னு நெனச்சேன். கெட்டுப்போச்சுன்னு."

"கெட்டதுன்னுதான் எனக்குக் குடுத்தியா?"

தங்கச்செல்வி இரண்டு கையையும் நீட்டினாள். கரையில் கும்மிச் சத்தம் ஏறியது.

"குடுத்துரு முருகு. பிள்ளை அசையலைங்கிறா."

"தலையில ஏத்துனவளுக்குத்தான் பாரி மதினி. நல்லதுன்னாலும் கெட்டதுன்னாலும். நேத்து வந்த வழக்கமா இது? என்னைக்கோ ஒருநா எனக்குன்னு ஒண்ணு வந்திருக்கு. விடு."

தங்கச்செல்வி விளிம்பைப் பிடித்தாள். முருகலட்சுமி சண்டைக்கு நிற்கவில்லை. உட்காருகிறவள் போல அப்படியே தண்ணீருக்குள் தாழ்ந்தாள். சட்டியும் அவளோடு போனது. கறுப்பு மண் குமிழியிட்டுப் பரவியது. பூக்கள் மட்டும் முகத்தை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. தங்கச்செல்வி இரண்டு கையாலும் அள்ளினாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. முருகலட்சுமி தலை நனைந்து வெறுங்கையோடு எழுந்தாள்.

"அம்மா!"

கிருஷ்ணப்ரியாவின் குரல். தங்கச்செல்விக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"அம்மா, இங்க வாயேன். அசையுது."

ஓடிப் போய் முழங்காலிட்டாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகள் சிரித்தபடி அவள் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

உதை இல்லை. முட்டல் இல்லை. உள்ளே அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே பக்கமாக. நிற்காமல். இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கியிருக்கும் ஃப்ளாக்ஸ் மொட்டு அவிழும்போது அப்படித்தான் சுற்றும்.

"என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற? நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குத்தா" என்றாள் தங்கச்செல்வி. கையை எடுக்கவில்லை.