முன் இருக்கைக்குக் கீழே வெள்ளம்

பிரீனா வண்டி ஓட்டத் தொடங்கிய மாதத்தில்தான் வண்டிக்குள் தண்ணீர் வரத் தொடங்கியது. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக அவளைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது.

முதலில் அது தண்ணீர் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வண்டியை முற்றத்தில் நிறுத்தியவள், இடது பக்கத்து முன் இருக்கையின் கீழே உருண்டுபோன சிவப்புப் பேனாவை எடுக்கக் கையை விட்டாள். தரைக் கம்பளம் குளிர்ந்தது. அழுத்தினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் விரல்களுக்கு நடுவே தண்ணீர் எழுந்து வந்தது.

மாமனார் செல்வதாஸ் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார். அழைத்துக் காட்டினாள். அவர் குனிந்து கம்பளத்தைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"கண்ணாடிய கீழ தாத்திப் போட்டுட்டுப் போனியா மக்களே?"

"இல்ல மாமா."

"பின்ன வெள்ளம் எப்பிடிக் கேறும்?"

"அதான் தெரியல்ல."

"தெரியல்லன்னா தாத்திப் போட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஷீட்டுகளிடம் திரும்பிப் போனார்.

வண்டி அவள் கணவன் வினோஜ் வாங்கியது. அவன் குவைத்தில் இருந்தான். வண்டி குலசேகரத்துக்கு அப்பால் பேச்சிப்பாறை சாலையோரத்து வீட்டு முற்றத்தில் நின்றது. பிரீனாவுக்குத் தக்கலையில் ஆசிரியை வேலை. குலசேகரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். இரண்டாவது பஸ்ஸில் அவள் உட்கார்ந்து போனது குறைவு. கோடை விடுமுறையில் ஓட்டப் பழகி, ஜூனில் பள்ளி திறந்த அன்று வண்டியிலேயே போய் இறங்கினாள். அன்று முதல் பாடவேளையில் பிள்ளைகளிடம் அவள் எதற்கும் கோபப்படவில்லை. அன்றுதான் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் தொடங்கியது.

ஈரம் போகவில்லை. காலையில் வண்டிக்குள் மட்டும் தனியாக ஒரு வானிலை இருந்தது. வெளியே தெளிந்த வெயில் அடிக்கும்போது உள்ளே எல்லாக் கண்ணாடிகளும் வெளுத்து மூடியிருக்கும். துணியால் துடைத்துவிட்டுப் புறப்படுவாள். சித்திரங்கோடு தாண்டுவதற்குள் மறுபடியும் மூடிக்கொள்ளும். ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை வேறு. சக ஆசிரியை அஜிதா ஒருநாள் கூட வந்தாள். மறுநாள் பஸ்ஸில் போவது தனக்குப் பிடிக்கும் என்றாள்.

வினோஜ் சாயங்காலம் வீடியோவில் அழைத்தபோது விஷயம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவன் கோபப்படவில்லை. நியாயமாகப் பேசினான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"தரைத் தகடு துருப்பிடிச்சா பொறவு ஒண்ணும் செய்ய முடியாது. என்னன்னு ஷிபின்ட்ட காட்டு. அதுக்குப் பொறவும் வெள்ளம் கேறினா சாவிய அப்பாகிட்ட குடுத்திரு. டிசம்பர்ல நான் வந்து பாத்துக்கிடுதேன்."

டிசம்பர் வரைக்கும் இரண்டு பஸ்.

ஷிபினின் பட்டறை குலசேகரம் சந்தைக்குப் பின்னால் இருந்தது. அவன் கம்பளத்தில் விரலை வைத்துத் தேய்த்தான், முகர்ந்தான்.

"ரேடியேட்டர் வெள்ளமில்ல டீச்சர். அது பிசுபிசுன்னு இருக்கும். இது ஏசி வெள்ளமாக்கும். காத்தில உள்ள ஈரத்த ஏசி இழுத்து வெள்ளமாக்கும்லா, அது கீழ போவ ஒரு குழாய் உண்டு. அது அடஞ்சா எல்லாம் உள்ளதான் விழும்."

வண்டிக்கு அடியில் படுத்துக் கம்பியை விட்டுக் குத்தினான். அவன் முகத்தில் கொஞ்சம் மண் விழுந்தது. பிறகு, மண்ணைக் கழுவிவிடுவதுபோல், தண்ணீர் விழுந்தது.

"குளவி கூடு வச்சிருக்கு" என்றான் கண்ணைத் திறக்காமல்.

பிரீனாவுக்கு அந்தக் குளவிமீது நன்றி பெருகியது. வீட்டில் போய்ச் சொன்னாள். மாமியார் ஜெபகனி, "அதுக்கு வேற எடமே கிட்டல்லியா" என்றாள். செல்வதாஸ் சிறிது யோசித்தார்.

"கண்ணாடி தொறந்து கெடந்தாதான குளவி கேறும்."

"குழாய் அடியில இருக்கு மாமா."

"இருக்கட்டு" என்றார்.

கம்பளத்தைக் கழற்றி, ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் இரண்டு நாள் தொங்கவிட்டார்கள். மற்ற ஷீட்டுகளைப்போலவே அதுவும் பழுத்த நிறத்தில், புகைவாடையுடன் வெளியே வந்தது. ஆனால் காய்ந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பிரீனா ஒரு வாரம் நிம்மதியாக ஓட்டினாள். அந்த வாரம் மழை இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை பெய்தது. வண்டி முற்றத்தைவிட்டு அசையவில்லை. ஏசி போடவில்லை. நான்கு கண்ணாடிகளும் ஏற்றியே இருந்தன. அதைச் செல்வதாஸே குடை பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்திருந்தார். மழை விட்டதும் கதவைத் திறந்து கம்பளத்தை அழுத்தினார்கள். தண்ணீர் எழுந்து வந்தது.

"இப்பம் கண்ணாடி ஏத்திதான் இருந்துது மாமா" என்றாள் பிரீனா.

"அது செரிதான்" என்று ஒப்புக்கொண்டவர், கதவோரத்து ரப்பரைக் கிள்ளிப் பார்த்தார். ஐந்து ஏக்கர் ரப்பர் உள்ளவர் கிள்ளுவது வேறு மாதிரி இருக்கும். "இத ரப்பர்னு சொல்லிக்கூடாது. நீயும் கதவ ஓங்கி ஓங்கி அடிக்கிய. அதுல போயிருக்கும்."

பிறகு சாவிக்காகக் கையை நீட்டினார். அவர் பேராசைக்காரர் இல்லை. மகன் சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான்.

"நாளைக்கு ஒரு நாள் தாங்க மாமா. எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டுத் தாறேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழம, கோயிலு."

"கோயில் விட்டு வந்த பொறவு."

"செரி. பொறவு சாவி அலமாரியில."

அன்று மாலையே பிரீனா கம்பளத்தை மறுபடி கழற்றி, வெறும் தகட்டைத் துடைத்தாள். முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்துவந்து தரையிலும், கதவின் உட்பக்கத்திலும், முன் கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கி நிற்கும் தூணிலும் மெல்லத் தூவினாள். ஈரம் எந்த வழியாக வந்தாலும் பவுடரில் தடம் விழும் என்பது அவள் கணக்கு.

செல்வதாஸ் வெளிவாசலில் நின்று பார்த்தார்.

"ஏட்டி ஜெபகனி, இஞ்ச வந்து பாரு. மருமவ வண்டிக்குப் பவுடர் போடுகா."

"எங்கயாவது போவதுக்கு இருக்கும்" என்றாள் ஜெபகனி உள்ளிருந்து.

விடியற்காலை மழை பெய்தது. ஆராதனைக்குப் புறப்படும் முன் பிரீனா கதவைத் திறந்தாள். தரையில் பவுடர் குழைந்து கிடந்தது. கதவில் தூவியது அப்படியே இருந்தது. கதவோரத்து ரப்பர் குற்றமற்றது. தூணில் மட்டும், மேலேயிருந்து கீழே, எறும்பு போன பாதைபோல ஒரு கோடு. தண்ணீருக்கு அவசரமே இல்லை. கூரைத் துணிக்கு மேலே எங்கோ தங்கி, தூணின் உறைக்குள் நுழைந்து, பிசகாமல் இருக்கைக்குக் கீழே இறங்கியிருந்தது.

"மேலருந்துதான் வருது மாமா."

"மேல என்ன இருக்கு? தகடாக்கும். தகடு ஒழுகுமா?"

மேலே கேரியர் இருந்தது. கேரியரில் ஒரு பலகை. பலகையின்மேல் வாழைக்குலையோ ஷீட் கட்டோ போகும். பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பிரீனாவின் உயரத்துக்குத் தெரியாது.

ஆராதனை முடிந்து ஷிபினும் வந்து சேர்ந்தான். அவனும் அதே சபைதான். தோட்டத்துக் குழாயை எடுத்து நேராகக் கூரைமேல் பிடிக்கப் போனான்.

"மேல ஊத்தாத" என்றாள் பிரீனா. "மேல ஊத்தினா எல்லா எடத்துக்கும் ஓடும். எது வழியா கேறிச்சுன்னு எப்பிடித் தெரியும்? கீழருந்து கொஞ்சங்கொஞ்சமா மேல போ."

"அதுவும் செரிதான்" என்றான் ஷிபின்.

உள்ளே இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். மருமகள் இருந்தால் கண்ணுக்குத் தோன்றியதைச் சொல்லுவாள் என்று செல்வதாஸ் நினைத்தார். எனவே கோயிலுக்குப் போன வெள்ளை வேட்டியோடு, கையில் டார்ச்சோடு, அவரே முன் இருக்கையில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டார். ஜெபகனி குழாயடியில் நின்றாள்.

ஷிபின் கதவின் அடிப்பகுதியில் தண்ணீரைப் பிடித்தான்.

"உண்டா மாமா?"

"இல்ல."

கதவின் மேல் விளிம்பு.

"இல்லலே."

முன் கண்ணாடியின் ஓரம்.

"ஒண்ணுமில்ல. மனுசன் வேகுதான் உள்ள. சட்டுன்னு ஊத்து."

கண்ணாடிக்குள் செல்வதாஸின் முகம் மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. அவர் விட்ட மூச்செல்லாம் கண்ணாடியில் படிந்தது. கடைசியில் டார்ச்சின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது, பனியில் மாட்டிக்கொண்ட லாரிபோல.

ஷிபின் ஏணிமேல் ஏறிப் பலகைக்கு அடியில் குழாயைச் செருகினான். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே இருந்து குரல் வந்தது. அதில் உணர்ச்சி எதுவும் இல்லை.

"உண்டு."

"எங்க மாமா?"

"எனக்க தலையில."

கதவு திறந்தது. செல்வதாஸ் இறங்கினார். வழுக்கையின் நடுவே விழுந்தது காதுவரை வழிந்திருந்தது. ஷிபின் பலகையைக் கழற்றிக் கீழே கொடுத்துவிட்டுக் கூரையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மாமா, இதுல நாலு ஓட்டை இருக்கு."

அவன் இன்னும் குனிந்து பார்த்தான்.

"ஓட்டையில என்னமோ அடச்சு வச்சிருக்கு. மஞ்சளா." நகத்தால் ஒன்றைப் பிடித்து இழுத்தான். அது நீண்டு, பாதியில் பிய்ந்து, விரலோடு ஒட்டிக்கொண்டது. "ரப்பர் பாலாக்கும் இது."

ஜெபகனிக்குத்தான் முதலில் நினைவு வந்தது.

"இது ஜனவரி கன்வென்சனுக்கு மைக்கு வச்சதுல்லா? நீங்கதான வண்டி மேல ஸ்டாண்டு அடிக்கணும்னு துளையிட்டிய. நான் அப்பமே சொன்னேன், நம்ம பயலுக்க வண்டியாக்கும்னு."

கன்வென்ஷன் என்னும் சபையின் நற்செய்திக் கூட்டங்களுக்கு ஊர் ஊராக அறிவிப்புச் சொல்லிக்கொண்டு போக, ஒலிபெருக்கி வைக்க ஒரு வண்டி வேண்டியிருந்தது. செல்வதாஸ் கமிட்டியில் இருந்தார். கூட்டங்கள் முடிந்ததும் ஸ்டாண்டைக் கழற்றி, துளைகளில் தம் தோட்டத்துப் பாலையே ஊற்றி ஆசிடும் விட்டு உறையவைத்து, மேலே கேரியரையும் பலகையையும் மாட்டி, ஒரு வேலையைச் செய்யவேண்டியபடி செய்த திருப்தியுடன் அதை மறந்துபோனார். மறைத்தார் என்று சொல்ல முடியாது. ரப்பர் அடைத்த இடத்தில் தண்ணீர் இறங்கும் என்பது அவர் புத்தியில் நுழையக்கூடிய விஷயமே அல்ல.

அவர் ஷிபினின் விரலிலிருந்ததை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இழுத்துப் பார்த்தார்.

"ரெண்டு மாச வெயிலுல உருகிப்போச்சு" என்றான் ஷிபின். "பச்சப் பாலு நிக்காது மாமா. இதுக்குன்னு பசை விக்குது."

"பசை" என்றார் செல்வதாஸ், யாரோ ஒருவர் இறந்த செய்தியைத் திரும்பச் சொல்வதுபோல.

சாயங்காலம் வினோஜ் அழைத்தபோது ஃபோன் அவர் கையில் இருந்தது. பிரீனா அடுக்களை வாசலில் நின்றாள். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று தோன்றியது.

"வெள்ளம் கண்டுபிடிச்சாச்சு" என்றார்.

"எங்கருந்துப்பா?"

"மேல நாலு ஓட்டை."

"ஓட்டை எப்பிடி வந்துது?"

"நான் போட்டது. கர்த்தருக்க வேலைக்காக்கும்."

கர்த்தரின் வேலையைக் கேள்வி கேட்கும்படி வினோஜ் வளர்க்கப்படவில்லை.

"அடைக்கல்லியாப்பா?"

"அடச்சேன். பாலு செரியில்ல. இப்பம் உள்ள மரத்துக்கெல்லாம் ஒரு மருந்த தேச்சுப் பாலெடுக்காங்கல்லா, எல்லாம் வெள்ளமாத்தான் இருக்கு."

"செரி. அப்பம் சாவி?"

செல்வதாஸ் திரும்பிப் பார்த்தார். சாவி பிரீனாவின் கையில்தான் இருந்தது. கோயில் விட்டு வந்தபிறகு கேட்கவேண்டியதை அவர் கேட்டிருக்கவில்லை.

"அது அதுக்க எடத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஃபோனை அவளிடம் நீட்டினார்.

மறுவாரம் ஷிபின் துளைகளைப் பசை வைத்து அடைத்து, தகரத்துண்டு வைத்து ஒட்டி, மேலே பெயிண்டும் அடித்துத் தந்தான். அதன் பிறகு பெய்த மழையில் பிரீனா மூன்று தடவை போய் அழுத்திப் பார்த்தாள். செல்வதாஸ் அவளுக்குத் தெரியாமல் இரண்டு தடவை போய் அழுத்திப் பார்த்தார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மூவரும் வண்டியில் ஏறும்போது கமிட்டிச் செயலாளர் ஆன்ட்ரூஸ் வந்து வெளியே நின்றார்.

"தாஸ் அண்ணாச்சி, அடுத்த கன்வென்சனுக்கும் அறிவிப்பு வண்டி நம்ம வண்டிதான? இப்பமே எழுதி வச்சா நல்லது."

செல்வதாஸ் முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். அது சரியாக மாட்டியதா என்று இழுத்துப் பார்த்தார்.

"எனக்கிட்ட கேட்டா எப்பிடி ஓய்? வண்டிக்காரிகிட்ட கேளும்."

ஆன்ட்ரூஸ் குனிந்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிரீனாவைப் பார்த்தார். கமிட்டி விஷயமாக ஒரு மருமகளிடம் கேட்பது எப்படி என்று அவருக்குப் பழக்கமில்லை.

"டீச்சர்… ஜனவரியில மூணு நாளு…"

"சனிக்கிழமைன்னா நானே ஓட்டித் தாறேன்" என்றாள் பிரீனா. "ஸ்டாண்டு வேண்டாம். மைக்க கேரியர்ல கயிறு போட்டுக் கெட்டணும்."

"கயித்துல கெட்டினா ஆடுமே."

"மெதுவா போவேன்."

ஆன்ட்ரூஸ் செல்வதாஸைப் பார்த்தார். செல்வதாஸ் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரீனா வண்டியை எடுத்தாள்.