விருந்தாளிக்காக நிரப்பிய தொட்டி

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். காபூலில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பல வருடங்கள் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். போருக்குப் பின் அமெரிக்க வரிப்பணத்தில் கட்டிய பள்ளியும் பாலமும் மருத்துவமனையும் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்க்கிற அலுவலகம். ஒரு நாள் வந்த படத்தில், மலைக்கிராமத்துப் பிரசவ மருத்துவமனை ஒன்றின் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கிணறே வெட்டாத ஊரில் அது எப்படிக் கொட்டியது என்பதைப் பிறகு நான் அங்கே போனபோது அந்த ஊர்க்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை எழுத எனக்கு வரவில்லை. மீதியை முயன்று பார்க்கிறேன்.

2

ஆப்கானிஸ்தானின் தைகுந்தி மலைகளில் பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், மாஹ்குல்—

(வேண்டாம். போர் நடந்த நாடு என்றாலே பனியில் தொடங்குவது எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி.)

ஒஹாயோவில் பஸ் ஓட்டும் ஒருவர் ஒழுங்காக வரி கட்டினார். அவருடைய பணம்தான்—

(இவரும் வேண்டாம். நல்ல மனிதர், பாவம். பணம் எங்கே போனது என்று அவர் கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் வராது.)

3

மாஹ்குல் அந்த மருத்துவமனையின் மருத்துவச்சி. கட்டடம் புதிது. கூரைமேல் தொட்டி உண்டு, சுவரெல்லாம் குழாய் உண்டு. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய கிணறு மட்டும் இல்லை. அதற்கான பணத்தில் ஒப்பந்தக்காரர் துபாயில் வீடு வாங்கிவிட்டார் என்று ஊரில் பேச்சு. மலைக்குக் கீழே ஆற்றிலிருந்து சுமந்து வருகிற தண்ணீர் எத்தனை பிரசவத்துக்குக் காணும்? சரியாகக் கழுவாத கையால் பிள்ளை எடுத்து, இரண்டு தாய்மாரை ஜன்னிக்குப் பறிகொடுத்தவள் அவள். சோதனைக்கு ஆள் அனுப்பச் சொல்லி மாகாண அலுவலகத்தில் நின்று கெஞ்சியதும் அவள்தான்.

அந்த ஆள் வருகிற நாளன்று காலையில் பார்த்தால், ஊர்ப் பெண்கள் கேன் கேனாகத் தண்ணீரைக் கூரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊர்த்தலைவர் அர்பாப் குர்பான் கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தார்.

“என்ன காரியம் பண்றீங்க அர்பாப்?”

“விருந்தாளி வர்றாரு, மாஹ்குல் ஜான். கை கழுவப் போறவருக்குக் காஞ்ச குழாயையா காட்டறது? ஊர் மானம் என்ன ஆகறது?”

“அவரு விருந்தாளி இல்ல. குறை பார்க்க வர்றவரு. குறையைத்தான் காட்டணும்.”

“படியேறிட்டா எல்லாரும் விருந்தாளிதான். நீ போய் டீயைப் பாரு.”

[குறிப்பு: இதைச் சூழ்ச்சி என்று படிக்காதீர்கள். விருந்தாளிக்கு நல்லதைத் தவிர வேறெதையும் காட்டத் தெரியாத ஜனங்கள் அவர்கள். திருடியவனுக்கு இதைவிட நல்ல காவல் கிடைக்குமா? எனக்கு அவர்கள்மேல் கோபம் வருகிறது. அந்த ஊரில் நான் குடித்த தேநீரை நினைத்தால் அந்தக் கோபமும் நிற்பதில்லை.]

4

எஞ்சினியர் ஃபரைதூன் வந்தார். குழாயைத் திறந்தார், கை கழுவினார், படம் எடுத்தார். மாஹ்குலுக்குப் பொறுக்கவில்லை.

“எஞ்சினியர் சாகிப், இது காலைல பொம்பளைங்க சுமந்து ஊத்தின தண்ணி. இங்க கிணறே கிடையாது.”

அர்பாப் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தெரியுதும்மா,” என்றார் ஃபரைதூன், குரலைத் தாழ்த்தி. “ஆனா தண்ணி இல்லன்னு நான் எழுதினா கிணறு வராது. பூட்டுதான் வரும். பக்கத்து மாவட்டத்துல ஒரு ஆஸ்பத்திரிய அப்படித்தான் மூடினாங்க. வீண்செலவை நிறுத்திட்டோம்னு பெருமை வேற.”

“கிணத்துப் பணத்தைத் தின்னவன?”

“அவனை யாரு கேக்கறா? என்னைக் குழாயைப் பார்க்கத்தான் அனுப்பினாங்க.”

“அப்ப என்னதான் எழுதுவீங்க?”

“நீங்களே சொல்லுங்க.”

மாஹ்குல் உள்ளே திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் நேற்றுப் பிள்ளை பெற்றவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பூட்டினால் அந்தக் கட்டிலும் இல்லை.

“வருதுன்னே எழுதுங்க,” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

(இதைப் படித்த நண்பர், “அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய்யா” என்றார். நானும் நம்பவில்லை. வேறு எதையெதையோ சொல்லவைத்து எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மருத்துவமனைக்குப் பூட்டு விழுந்தது.)

5

ஒரு முடிவு: மேலதிகாரிகள் சந்தேகப்பட்டு ஒப்பந்தக்காரரைப் பிடிக்கிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள். (எழுதிய கை கூசுகிறது.)

இன்னொன்று: மாஹ்குல் வேலையை விட்டுவிட்டு— (விடமாட்டாள்.)

மிச்சமிருப்பது இது. அறிக்கை வெளியானது. சிறந்த மருத்துவமனை என்று மாகாண வானொலி அதைப் புகழ்ந்தது. சில வாரங்களில், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கழுதைமேல் ஒரு பெண்ணை உட்காரவைத்து அழைத்துவந்தான் அவள் புருஷன். அவளுக்கு வலி கண்டிருந்தது.

“எங்க ஊர்லயே மருத்துவச்சி இருக்காங்கக்கா. வீட்டுப் பக்கத்துலயே ஆறு,” என்றாள் அந்தப் பெண், மூச்சு வாங்க. “தலைப்பிரசவமாச்சே. இங்க குழாய்லயே சுத்தமான தண்ணி வருதுன்னு ரேடியோல சொன்னாங்க. அதான் உங்களை நம்பி வந்துட்டோம்.”

இதற்கு மாஹ்குல் ஏதாவது சொல்லியாக வேண்டும். அதை எழுதினால் கதை முடிந்துவிடும். மாதக்கணக்கில் நானும் அந்த வாசலில் நிற்கிறேன், ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நீங்கள் வந்து நில்லுங்கள். அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருக்கிறாள். அவளுக்கு அடுத்த வலி வருவதற்குள் சொல்லிவிடுங்கள்.