உள்ளே இருப்பவள் சொல்ல வேண்டிய சொல்

சாம்பல் வட்டத்துக்குள் நிற்கும் குழந்தையின் வாய் திறந்து மூடுகிறது, சத்தம் மட்டும் இல்லை, மறுபடி அதே காட்சி, மறுபடி வாய் திறக்கிறது, இருட்டான டப்பிங் தியேட்டரில் மைக் முன்னால் நின்றிருந்த அம்சவேணிக்கு அந்தப் பிஞ்சு உதடுகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை, எந்த ஊர்க் குழந்தையோ, பனி கொட்டுகிற எந்தக் காட்டில் எடுத்த மாயாஜாலத் தொடரோ, அதில் வரும் நரைமுடி மந்திரக்காரிக்கு அவள்தான் தமிழில் குரல். காட்டிலிருந்து கறுப்பாக ஏதோ வருகிறது, மந்திரக்காரி குழந்தையைச் சுற்றிச் சாம்பலால் கோடு போடுகிறாள், போட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள், அந்தக் காப்புக்கட்டு அப்படித்தான், சாம்பலில் ஒரு மண்ணும் கிடையாது, கட்டியவள் திரும்பிப் பார்க்காமலே, இருக்கியா என்று கேட்க வேண்டும், உள்ளே இருப்பது இருக்கேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும், சொல்லச் சொல்லத்தான் கோடு சுவராக எழும்பும், குழந்தை பயத்தில் வாயடைத்துப் போனால் காத்திருக்கலாம், அவ்வளவுதான், வேறு யாராவது அதற்குப் பதிலாகச் சொல்லிவிட்டால் கட்டு அந்த நொடியே பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

வசனத் தாளில் முதலில் இருந்தது அங்கே உள்ளாயா மகளே என்று, யார் பெற்ற பிள்ளை எழுதினானோ, ஏம்ப்பா பிரான்சிஸ், பேய் வந்து நிக்கிற நேரத்துல எவளாவது இப்பிடிப் பேசுவாளா என்று அம்சவேணி சிரிக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் பிரான்சிஸ், நீங்களே ஏதாவது போடுங்கக்கா, வாய் அசைவுக்கு உக்காந்தா சரி என்றான், அவள் யோசிக்கவே இல்லை, இருக்கியா என்றாள், அச்சாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும், சாலிகிராமத்து வீட்டில் கரண்ட் போகும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து அவள் கேட்டது அதுதானே, இருக்கியா மைதிலி, இருக்கேம்மா, எங்க போகப் போறேன் என்று கூடத்திலிருந்து மகளின் குரல் வரும், வெளிச்சத்தில் அவளுக்கும் சேர்த்து அம்மாவே பேசிவிடுவாள், டீச்சர் உன் பேரென்ன என்று கேட்டாலும், துணிக்கடையில் எந்தக் கலர் என்று கேட்டாலும் பதில் அம்மாவிடமிருந்துதான், சினிமாவில் ஊர்ப்பட்ட குழந்தைகளுக்குக் குரல் கொடுத்த தொண்டை சொந்தக் குழந்தைக்குக் கொடுக்காமல் இருக்குமா, இருட்டில் மட்டும் மைதிலியின் முறை, அந்தக் குரல் வந்து சேரும்வரை சாம்பார் கொதிக்கிற சத்தம்கூட அம்சவேணிக்குப் பயமாக இருக்கும். அந்த மைதிலிதான் இப்போது உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள், ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை, மாப்பிள்ளை வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார், ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மைதிலியைப் பார்த்துத்தான் கேட்டாள், உனக்கு என்னம்மா பண்ணுது, பதில் சொன்னது அம்சவேணி, தூக்கமே இல்ல டாக்டர், மனசு விட்டுப்போச்சு அவளுக்கு. தட்டில் சோறு கொஞ்சம் குறைந்திருந்தால் அம்சவேணிக்கு உயிர் வரும், குறையாவிட்டால் கதவில் காதை வைத்து மூச்சுச் சத்தத்தைத் தேடுவாள், ஏதாவது செய்துகொண்டுவிடுவாளோ என்ற பயம், இன்றைக்கும் தங்கை பரிமளாவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

அக்கா, இருக்கியான்னு கேட்டுட்டு கேப் விடுங்க, பாப்பா வாய்ஸ் நாளைக்குத்தான் வருது என்கிறான் பிரான்சிஸ், அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள், கேட்டால் பக்கத்திலிருந்தே பதில் வரும், இப்போது அவரவர் தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போகிறார்கள், அவள் இருக்கியா என்றாள், ஹெட்போனில் ஒன்றுமில்லை, திரையில் வட்டம் போட்ட தரை அடுப்படித் தரையாகிறது, பனி சாம்பார் ஆவியாகி மேலே போகிறது, அந்தக் குழந்தைக்கு மைதிலியின் மூக்கு, மைதிலியின் கலைந்த தலை, வாய் திறக்கிறது, சத்தம் இல்லை, இருக்கியா, சத்தம் இல்லை, ஐயோ எவ்வளவு நேரம்தான் தாங்குவாள், இருக்கேம்மா என்று ஒரு பிஞ்சுக் குரல் தியேட்டரில் கேட்டது, யார் பேசினது என்று அவளே திடுக்கிட்டாள், அவள் தொண்டைதான். என்னக்கா நீங்க, அது பாப்பா ட்ராக்கு, நீங்களே பதில் சொல்லிட்டா கட்டு உடைஞ்சிரும்ல என்று பிரான்சிஸ் சிரித்தான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், அவள் இன்னிக்குப் போதும்ப்பா என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

வீட்டில் கரண்ட் இல்லை, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அப்பிடியேதான் இருக்காக்கா, தட்டுல கையே வைக்கல என்று சொன்ன பரிமளாவை மெழுகுவத்தி வாங்க அனுப்பிவிட்டு, அம்சவேணி உள்ளறைக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள், இருக்கியா மைதிலி. வழக்கமாக அதோடு விடமாட்டாள், தூங்குறியா, சரி தூங்கு, பசிக்கலையா, சரி அப்புறம் சாப்பிடு என்று அவளே கேட்டு அவளே பதிலும் சொல்லி முடித்துவிடுவாள், இன்றைக்குப் புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள், கூடம் இருட்டிக்கொண்டு வருகிறது, சாலிகிராமத்துத் தெருவில் பனி கொட்டுகிறது, வாசலில் கறுப்பாக ஏதோ வந்து நிற்கிறது, திரும்பிப் பார்க்கக் கூடாது, பதில் சொல்லக் கூடாது, பேசுடி, என் ராசாத்தி, ஒரே ஒரு வார்த்தை பேசு என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது, முதுகுக்குப் பின்னால் கதவு மெல்ல அசைந்தது, அந்தப் பக்கமும் யாரோ சாய்ந்து உட்கார்கிற மாதிரி, அப்புறம் புழங்காமல் கிடந்து கரகரத்துப் போன ஒரு குரல், அம்மா, நீ இருக்கியா?

அம்சவேணியின் வாய் திறந்து மூடியது, சத்தம் மட்டும் இல்லை, மறுபடி திறந்தது, ஊருக்கெல்லாம் குரல் கொடுத்தவளுக்குத் தன் குரல் அகப்படவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் மைதிலி அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள், இருக்கேன்டி என்று கடைசியில் வந்துவிட்டது.