உதட்டுக்கு ஏற்ற வசனம்

அந்த ஷாட்டைத் தணிக்கைக் குழு முழுதாக வெட்டிவிடும் என்று மிட்சுயே நம்பியிருந்தாள்.

படப்பிடிப்பில் ஷாட் குறிப்பு எழுதுவது அவள் வேலை. எந்த டேக் சரி, கை எங்கே இருந்தது, உதடு என்ன சொன்னது, எல்லாம் அவள் தாளில் இருக்கும். டோக்கியோவின் ஓரத்தில், மூடிக் கிடந்த ஒரு நூற்பாலையில், ஆறே நாளில் எடுத்த, வயது வந்தோருக்கான மலிவுப் படம். செலவு மிச்சம் என்று ஒலி இல்லாமல் எடுப்பார்கள். குரலைப் பிறகு சேர்ப்பார்கள். ஐந்தாம் நாள் பலாத்காரக் காட்சி. கதாநாயகி நட்சுயோவுக்கு அதுவும் பழகிப்போன ஒன்றுதான். உடன் நடிக்கும் இவாசேயின் கை எதுவரை வரலாம் என்று முன்பே பேசி முடித்திருந்தார்கள்.

கேமரா ஓடத் தொடங்கியதும் இவாசே அந்தப் பேச்சை மீறினான். மறைவுக்காக நட்சுயோவின் அடிவயிற்றின் கீழ் ஒட்டியிருந்த பட்டையைப் பிய்த்தான். கை அங்கேயே இருந்தது. நட்சுயோ கத்தினாள், அது வசனம் இல்லை. இயக்குநர் தொகாவா நிறுத்தவில்லை. முடிந்ததும் "ஓகே" என்றார். மிட்சுயேயின் பென்சில் பழக்கத்தில், சரியான டேக் என்று எண்ணைச் சுற்றி வட்டம் போட்டது.

மறுநாள் நட்சுயோ, வேனின் பக்கத்தில் நின்று, ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது நடிப்பு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும், மிட்சுயே-சான். அந்த ஷாட்டை மட்டும் படத்துலேர்ந்து வெட்டிடச் சொல்லுங்க."

மிட்சுயே சொல்லிப் பார்த்தாள். படத்தில் உயிருள்ள இடமே அது ஒன்றுதான் என்றார் தொகாவா.

அந்த ஷாட்டில் நாலு விநாடி அடிவயிற்று ரோமம் தெரிந்தது; ஜப்பானியத் தணிக்கையில் அதற்கு அனுமதி இல்லை. தணிக்கைக்கு முன் அப்படிப்பட்ட இடங்களை எடிட்டர் தானாகவே வெட்டிவிடுவார். கத்தரிக்கோலை எடுத்தவரை மிட்சுயே தடுத்தாள். அது அப்படியே தணிக்கைக்குப் போனால் ஷாட்டையே தூக்கிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள்.

தணிக்கைத் திரையிடலில் அதிகாரி அதே இடத்தில் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். 

"முடி தெரியுது. மங்கலாக்கிடுங்க."

"அந்தப் பொண்ணுக்கு நடக்கிறது?" என்று மிட்சுயே தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

அவர் பணிவாகத் தலை சாய்த்தார். "அது கதைதானேம்மா."

படச்சுருளைக் கழுவும் லேப்பில் நாலு விநாடிக்குச் சாம்பல் நிறப் புகை ஏறியது. இவாசேயின் கையும் அந்தப் புகைக்குள் போயிற்று. அந்தக் கை என்ன செய்தது என்று இனி யாராலும் பார்க்க முடியாது.

குரல் சேர்க்கும் நாளுக்கு, உதட்டசைவுக்கு ஏற்ற வசனத்தாள் தயாரிப்பதும் மிட்சுயேதான். கதைப்படி அந்த இடத்தில் 'என்னைக் கொன்னுடு' என்று இருந்தது. அவள் படத்தை மெதுவாக ஓட்டி ஓட்டி, உதடு சொன்னதை எழுதினாள்: 'இவாசே-சான், வேணாம். நிஜமா சொல்றேன், நிறுத்துங்க.'

இவாசே தன் பங்கு முனகல்களை முடித்துவிட்டு, சிகரெட் பற்றவைத்தபடி வந்தான். "என்ன நட்சுயோ, முகத்தைத் தூக்கி வச்சிருக்கே? நான் இல்லேன்னா உனக்கு இவ்வளவு தத்ரூபமா நடிப்பு வந்திருக்குமா?" ஒலிப்பதிவாளர் மட்டும் சிரித்தார்.

நட்சுயோ தாளைப் படித்தாள். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் இருந்த மிட்சுயேயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படம் ஓடியது. திரையில் அவள் வாய் திறந்து திறந்து மூடியது. மைக்கின் முன்னால் அவள் வாய் திறக்கவேயில்லை. மூன்று முறை ஓட்டினார்கள். மூன்று முறையும் அப்படித்தான்.

"விட்டுடு. மியூசிக் போட்டு மூடிக்கலாம்" என்றார் தொகாவா.

தாழ்வாரத்தில் மிட்சுயே, எடிட்டரைத் தான் தடுத்ததையும் சொல்லிவிட்டாள்.  நட்சுயோ வசனத்தாளை நீட்டினாள்.

"தேதி போட்டுக் குடுங்க. இது எங்கிட்ட இருக்கட்டும்."

மிட்சுயே சுவரில் தாளை வைத்து எழுதினாள். படம் பிடித்த தேதி, காட்சி எண், டேக் எண், கீழே தன் முழுப்பெயர். வட்டம் போடவில்லை.